பதினேழாம் நம்பர் தயாளன்

ஆரணியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் கையில் பூப்போட்ட பெண்கள் குடை ஒன்று இருந்தது. எண்பத்திரண்டாம் வருஷம், பொங்கல் முடிந்த வாரம். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. குதிரை வண்டிக்காரர் ஒருவர் குடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிங்கப்பூரா என்று கேட்டார். மலேசியா, ஈப்போ என்றேன். எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லி என் பெட்டியைத் தூக்கி வண்டியில் போட்டுவிட்டார்.

குடை தயாளன் கொடுத்தனுப்பியது. அவன் ஆரணிக்காரன். ஈப்போவில் அவனுடைய சித்தப்பா நடத்தும் சாப்பாட்டுக் கடையில் வேலை. நான் அங்கே பஸ் டிப்போவில், டயர் பிரிவில் குமாஸ்தா. மத்தியானச் சாப்பாட்டில் தொடங்கிய பழக்கம், ஞாயிறுதோறும் இரண்டு பேரும் தாப்பா மலைச்சாலையில் சைக்கிள் மிதிக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. தங்கை கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க இந்தியா போகிறேன் என்று சொன்னதும், எங்கள் வீட்டிலேயே தறி இருக்கிறது, அங்கேயே எடுத்துக்கொள் என்றான். சந்தோஷமாகத்தான் இருந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு தைல டப்பா, ஒரு பிஸ்கட் டின், இந்தக் குடை மூன்றையும் கொண்டுவந்து வைத்தான். வைத்துவிட்டு, ஊரில் தனக்கு கஸ்தூரி என்று ஒரு மனைவி இருப்பதாகவும் சொன்னான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஈப்போவில் அவன் மூன்று வருஷமாகக் குடித்தனம் நடத்துகிற பெண்ணை எனக்குத் தெரியும். அவர்களுடைய பையனுக்குப் பேர் வைத்த அன்று இரண்டு டம்ளர் பாயசம் குடித்தவன் நான். இப்படி ஒருத்தி ஏழு வருஷமாக அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு நாள்கூட அவன் வாயைத் திறந்ததில்லை.

"இனிமே வரமாட்டேன்னு நீயே பக்குவமாச் சொல்லிடு மணியம். எனக்கு எழுத வரல," என்றான்.

எழுத வராமல் என்ன? கடைசிக் கடிதத்தில், நண்பர் மணியம் நேரில் வருகிறார், விவரம் சொல்வார் என்று அழகாகவே எழுதியிருந்தான். அந்த விவரத்தைச் சொல்லும் வேலையைத்தான் என் தலையில் கட்டிவிட்டான். முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குடையை வாங்கிக்கொண்டேன்.

வண்டிக்காரர் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். எங்கள் ஊரில் டாக்சிக்காரர் மீட்டரைப் பார்ப்பார். இவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார், குதிரை தானாகப் போனது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ரேஸ் இருக்கிறது, சந்தவாசல் போய் மலை ஏறித் திரும்பி வர வேண்டும், பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். தயாளன் வீடு என்றதும், "தெரியுங்க. அந்த ரேஸுல குடம் ஜெயிச்சவர் வூடுதானே," என்று நேரே கொண்டுபோய் நிறுத்தினார்.

கஸ்தூரிக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். வாசலிலேயே நின்றிருந்தாள். வீட்டில் அவளும் மாமனாரும்தான். இரண்டு பேருமாக ஒரே தறியில் நெய்கிறார்கள். எவர்சில்வர் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். குடத்தின் கழுத்தில் 'தயாளன், முதல் பரிசு' என்று வெட்டியிருந்தது. அவர் நல்லா இருக்காரா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்றேன். அது பொய்யில்லை. அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. விவரம் நானாகச் சொல்வேன் என்று மரியாதையாகக் காத்திருந்தாள். கேட்டுத் தொலைத்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று களியும் கருவாட்டுக் குழம்பும். கேழ்வரகுக் களியை நான் அதுவரை சாப்பிட்டதில்லை. ஒரு உருண்டையை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தேன், அது பாட்டுக்குப் பல்லில் ஒட்டிக்கொண்டு நின்றது. மாமனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். "மெல்லக்கூடாதுங்கண்ணா, முழுங்கணும்," என்றாள் கஸ்தூரி.

மறுநாள் காலையில் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். தங்கைக்கு நான் தேர்ந்தெடுத்தது மாம்பழ நிறம், அரக்குக் கரை. அது பெட்டிக்குள் போய்விட்டது. தறியில் இருந்தது வேறொரு புடவை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டிழை ஒன்று பட்டென்று விட்டது. "அறுந்துபோச்சு" என்றேன். ஏதோ உதவி செய்கிற நினைப்பு. மாமனார் கையை எடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், நான் அவர் தலையில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது.

கஸ்தூரிதான் சமாளித்தாள். இந்த வீட்டில் அந்த வார்த்தை கிடையாதாம். இழை போனாலும், கயிறு போனாலும், செருப்பு வார் போனாலும், பெருகிடுச்சு என்றுதான் சொல்ல வேண்டுமாம். தாலிக் கயிறு இற்றுப்போனால் எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். ஆனால் ஒரு வீடு முழுக்க, செருப்பு வார் வரைக்கும் அந்தச் சட்டம் இருப்பதை இங்கேதான் கண்டேன். மாமனார் தொழில் அப்படி, நாள் முழுக்க ஆயிரக்கணக்கான இழையோடு இருக்கிறவர், என்றாள். அவள் அடுத்த இழையைச் சேர்த்து முடிச்சுப் போட்டாள். நான் உள்ளுக்குள் நொந்துபோனேன். அறுந்தது என்ற வார்த்தையே புழங்காத வீட்டில் நான் கொண்டுவந்த சேதியை எந்த வாயால் சொல்வது?

தறிக்கு அந்தப் பக்கம் சுவரோரமாக ஒரு சைக்கிள் நின்றது. சக்கரம் தரையில் படாதபடி அடியில் பலகை கொடுத்து, மேலே பழைய துணி போர்த்தியிருந்தது. தயாளன் போன நாளிலிருந்து வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் போட்டு வைக்கிறாளாம். மலேசியா போன முதல் வருஷம், அடுத்த ரேஸுக்குள் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தானாம். அதை நம்பி இளைஞர் மன்றத்தில் அவன் பெயரைக் கொடுத்தாள். அந்த வருஷம் வரவில்லை. அடுத்த வருஷமும் கொடுத்தாள். இப்படி ஏழு வருஷம். ஒவ்வொரு வருஷமும் நம்பர் துணி வீட்டுக்கு வந்துவிடும், சைக்கிள் பலகையிலேயே நிற்கும்.

"பேரு குடுக்கறத அவருக்கு எழுதலீங்கண்ணா. வந்து பாத்து ஆச்சரியப்படட்டும்னு உட்டுட்டேன்," என்றாள். இந்த வருஷமும் கொடுத்திருக்கிறாள். நம்பர் பதினேழு. பெயரைக் கொடுத்துவிட்டு ஆள் போகாவிட்டால் தெருவில் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்களாம். அவரோடு சைக்கிள் ஓட்டுகிறவர் என்று எழுதியிருந்தாரே, இந்த ஒரு தடவை நீங்கள் ஓட்டுங்கள் என்று கேட்டாள்.

சரி என்றேன். அவளுக்காக என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஞாயிற்றுக்கிழமை வரை சொல்லாமல் தள்ளிப்போட எனக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. கோழை நான், வேறென்ன.

மன்றத்துச் செயலாளரிடம் போய் என் பெயருக்கு மாற்றச் சொன்னேன். ஆள் யாராக இருந்தாலும் பரவாயில்லை, லிஸ்ட் அடித்தாகிவிட்டது, பெயரை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். ஈப்போவில் இதற்கு நாலு பாரம் எழுத வேண்டியிருக்கும்.

சைக்கிளை காதர் பாய் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பாயும் ஒரு காலத்தில் இந்த ரேஸில் ஓடியவர். தயாளன் குடம் வாங்கிய வருஷம் இரண்டாவதாக வந்தவர். சக்கரத்தைக் கழற்றி, டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். ஒன்பது இடத்தில் குமிழி வந்தது. டயரைக் கையால் மடக்கினால் ஓரமெல்லாம் வெடித்தது. பெடல் தண்டைப் பிடிக்கும் ஆணி ஆடியது. செயினை மட்டும் அவர் நெடுநேரம் விரலால் உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"ஏழு வருசமாத் தொடச்சித் தொடச்சி வெச்சிகினு கீது அந்தப் பொண்ணு. மேலுக்குத் தொடச்சா ஆச்சா? ஓடாத வண்டி உள்ளுக்குள்ளயே செத்துடுமுங்க," என்றார்.

டயரை மாற்றலாம், செயின் இந்த அளவில் இப்போது கைவசம் இல்லை, வேலூரிலிருந்துதான் வர வேண்டும் என்றார். ஞாயிறு நாளன்றைக்கு. இருப்பதை வைத்து ஓட்டுகிறேன் என்றேன். அவித்த வேர்க்கடலையை ஒரு காகிதத்தில் என் முன்னால் வைத்தார். நாங்கள் கச்சான் என்போம், அவர் மல்லாட்டை என்றார். இரண்டு பேரும் உரித்துத் தின்றோம். பாய் தலை நிமிராமல் கேட்டார்.

"தயாளன் வரமாட்டான். அதானே?"

யார் சொன்னது என்று எகிறினேன். பாய் அசரவில்லை. வருகிறவன் குடையைக் கொடுத்தனுப்ப மாட்டான், கையோடு எடுத்துக்கொண்டு வருவான் என்றார். குடை வந்த சேதி அதற்குள் அவர் கடை வரை வந்துவிட்டிருந்தது.

"சொல்லிட்டுப் போங்க. பேஜாரான வேலைதான். நீங்க சொல்லலன்னா அடுத்த வருசமும் பேரு குடுக்கும் அந்தப் பொண்ணு," என்றார்.

ஞாயிறு விடிகாலையில் கோட்டை மைதானத்தில் இருபத்திரண்டு பேர் நின்றோம். மலையில் ஓட்டுவதற்கென்று தனி சைக்கிள் எல்லாம் அப்போது யாரும் கண்டதில்லை. பால்காரர் ஓட்டுகிற அதே கறுப்பு சைக்கிள்தான். சிலர் கேரியரையும் மட்கார்டையும் கழற்றியிருந்தார்கள், அவ்வளவே. சந்தவாசல் வரை தார்ச்சாலை. அங்கிருந்து விறகு வெட்டிகள் போகும் கல்லும் மண்ணுமான பாதையில் ஏறி, மேலே உள்ள கல் மண்டபத்தைத் தொட்டுத் திரும்ப வேண்டும். மண்டபத்தில் ஒருவர் பட்டுச் சாயத்தில் கட்டைவிரலைத் தோய்த்து ஒவ்வொருவர் முழங்கையிலும் ஒரு பொட்டு வைப்பார். அதுதான் அத்தாட்சி. வண்டி கெட்டால் அவரவரே சரிசெய்துகொள்ள வேண்டும், அடுத்தவர் கை படக்கூடாது.

மைக்கில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். "பதினேழாம் நம்பர், தயாளன்" என்றதும் நான் கையைத் தூக்கினேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பக்கத்தில் நின்ற சேத்துப்பட்டுக்காரர், நீங்கதானா அது, வருசா வருசம் பேரு மட்டும் வரும் என்று கைகுலுக்கினார். எனக்கு அவமானமாக இருந்தது.

முதல் பஞ்சர் சந்தவாசலுக்கு முன்னாலேயே வந்தது. ஒட்டின இடம் ஒன்று திறந்துகொண்டது. சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து ஒட்டினேன். எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். மலைப்பாதையில் பாதிதான் மிதிக்க முடிந்தது, பெடல் ஆணி நழுவி நழுவி ஒவ்வொரு மிதிக்கும் டக்கென்று அடித்தது. கல்லால் தட்டித் தட்டி உள்ளே ஏற்றிக்கொண்டு போனேன். தாப்பாவில் சாலை வழவழவென்று இருக்கும், மரங்கள் மேலே கூரை போட்டிருக்கும், தயாளன் முன்னால் போய்க்கொண்டு சினிமாப் பாட்டு பாடுவான். இங்கே முள்ளும் வெயிலும். பாதி மலையில் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஏழு வருஷம் என்னோடு பாட்டுப் பாடிய வாயால் ஒரு வார்த்தை சொன்னாயா பாவி என்று உரக்கவே திட்டினேன். விறகுச் சுமையோடு இறங்கிவந்த இரண்டு பெண்கள் பயந்து ஒதுங்கி நின்றார்கள். அவர்களில் ஒருத்தி மற்றவளிடம் சொன்னது கேட்டது: "வண்டியத் திட்றாரு பாவம்."

மண்டபத்தில் சாயக்காரர் கிளம்பத் தயாராகிக் கொண்டிருந்தார். என் நம்பரைப் பார்த்தார். "தயாளனா? வந்துட்டியாப்பா?" என்றார். அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. நான் கையை நீட்டினேன். முழங்கையில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தார். பத்து நாளைக்குப் போகாது என்றும் சொன்னார்.

இறக்கத்தில் பின் பிரேக்கின் ரப்பர் கட்டை கழன்று எங்கோ புதருக்குள் தெறித்துப் போனது. செருப்புக் காலை டயரில் அழுத்தி அழுத்தி இறங்கினேன். செருப்பு தேய்ந்து குதிகால் சுட்டது. தார்ச்சாலைக்கு வந்ததும், இனி சமதரைதானே என்று எழுந்து நின்று மிதித்தேன். அப்போதுதான் செயின் போனது. பாய் விரலால் உருட்டிப் பார்த்த அதே இடமாகத்தான் இருக்க வேண்டும். பெடல் வெறுமனே சுற்றியது. செயின் பாம்பு மாதிரி சாலையில் கிடந்தது.

அதை எடுத்து ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டே நடந்தேன். ஒரு லாரி நின்றது. வண்டியோடு ஏறிக்கொள்ளுங்கள் என்றார் டிரைவர். ரேஸில் இருக்கிறேன் என்றேன். டிரைவரும் கிளீனரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சிரிக்காமல், ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிரித்திருந்தால் அழுதிருப்பேன்.

ஊர் எல்லைக்கு வரும்போது மத்தியானம் மூன்று இருக்கும். ஜெயித்தவர் மாலையைக் கழற்றி வீட்டுக்கே போயிருப்பார். மைதானத்தில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மைக்செட்காரர் மட்டும் இன்னும் வயரைச் சுற்றவில்லை. என்னைத் தூரத்தில் பார்த்ததும், என்ன நினைத்தாரோ, மைக்கைத் தட்டினார். "பதினேழாம் நம்பர்... தயாளன் அவர்கள்... இதோ வந்துகொண்டிருக்கிறார்கள்," என்றார். நான் முடிவுக் கோட்டைத் தாண்டினேன். "தயாளன் வந்துவிட்டார்! தயாளன் வந்துவிட்டார்!" என்று இரண்டு தடவை சொன்னார். கம்பத்தில் கட்டியிருந்த குழாய்கள் நாலு தெருவுக்கும் அதைக் கொண்டுபோயின.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

வீட்டு வாசலில் கஸ்தூரி நின்றுகொண்டிருந்தாள். நான்தான் வருவேன் என்று அவளுக்குத் தெரியும். காலையில் அவளே அல்லவா நம்பர் துணியை என் முதுகில் குத்திவிட்டாள். ஆனாலும் ஒரு கணம் அவள் என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அதை நான் பார்த்தேன். என் ஆயுசுக்கும் மறக்காது.

உள்ளே மாமனார் தறியில் இருந்தார். குடத்திலிருந்து அவள் தண்ணீர் ஊற்ற, நான் கை கால் கழுவினேன். சிவப்புப் பொட்டு அசையவில்லை. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். ஹேண்டில்பாரில் தொங்கிய செயினைக் காட்டினேன்.

"செயின்..." என்று தொடங்கிவிட்டு நின்றேன். "பெருகிடுச்சும்மா."

அவள் செயினைக் கையில் எடுத்தாள். இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். மசி அவள் விரலெல்லாம் அப்பியது.

"இது பெருகின மாதிரியா கீது? அறுந்துடுச்சின்னு சொல்லுங்கண்ணா."

தறிச் சத்தம் நின்றது. நான் மாமனாரைப் பார்க்கவில்லை.

"அறுந்துடுச்சும்மா," என்றேன்.

"செயின் மட்டுந்தானா?"

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். பக்குவமாகவெல்லாம் வரவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி, பையனைப் பற்றி, நான் குடித்த பாயசத்தைப் பற்றிக்கூட உளறினேன். அவள் அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். எத்தனை வருஷமாக என்று மட்டும் கேட்டாள். மூன்று என்றேன்.

"மூணு ரேஸு," என்று மசி படிந்த விரலை மடக்கினாள். "மூணு ரேஸுக்கு நான் சும்மாவே பேரு குடுத்துகினு இருந்திருக்கேன்."

கடைசியில் மாமனார் தறிக்குழிக்குள் இருந்தபடியே, தம்பிக்குச் சோறு போடும்மா, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். அன்றும் களிதான். மெல்லாமல் விழுங்கினேன்.

மறுநாள் காலை பஸ் நிலையத்துக்கு அவளே வந்தாள். தைல டப்பாவை மாமனார் முட்டிக்கு வைத்துக்கொண்டாளாம். பிஸ்கட்டைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாளாம். குடையை என்னிடம் நீட்டினாள். இங்கே எங்கே மழை, உங்கள் ஊரில்தான் தினமும் பெய்யுமாமே என்றாள். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்; கேட்காமல் போக எனக்கு மனசு வரவில்லை. பஸ் கிளம்புகிற வரை யோசித்தாள். பிறகு ஜன்னலுக்கு வந்தாள்.

"அடுத்த வருசம் பேரு குடுக்கமாட்டேன்னு சொல்லுங்க. அது போதும்."

ஈப்போவில் நான் இறங்கிய அன்று நல்ல மழை. பூப்போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். தயாளன் ரொட்டி சானாய் என்று நாங்கள் சொல்லும் பரோட்டாவுக்கு மாவு வீசிக்கொண்டிருந்தான். என் முழங்கையில் இருந்த சிவப்புப் பொட்டைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டான். மலை ஏறினியா, யார் வண்டியில், எத்தனாவது வந்தே என்று அடுக்கடுக்காகக் கேட்டான். முகமெல்லாம் சிரிப்பு. ஓங்கி ஒன்று விட வேண்டும் போலிருந்தது. குடையை மடக்கி மேஜைமேல் வைத்தேன். அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னேன், ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல்: அடுத்த வருசம் பேரு குடுக்கமாட்டேன்.

தயாளன் மாவுக் கையோடு என்னைப் பார்த்து விழித்தான்.

"பேரு குடுக்கறதா? எங்க?" என்று கேட்டான்.